பஞ்சுக்கும் கரிக்கும் நடந்த சோபாப் போர்

வாழ்க சோபாச் செம்மல்! கிழிந்த மெத்தைக்கு மறுபிறவி தரும் கொடைவள்ளல், வளைந்த ஊசியையே வாளாய்ப் பற்றிய வலக்கரத்தோன், தொய்ந்த ஸ்பிரிங்குகளைத் தட்டி நிமிர்த்திய தோள்வலியோன், மனைவி சொன்னதில் ஒன்றைக்கூட இருபது ஆண்டுகளாய்க் காதில் வாங்காத கற்செவிச் செல்வன், எம் நாயகன் வாழ்க! அவன் பெருமையைப் பாடப் புகுந்த எமக்கு நாவன்மை போதாது. சிரிப்பை அடக்கும் வன்மை அதனினும் போதாது. ஆயினும் தொடங்கிவிட்டோம், இனி விடுவதற்கில்லை.

அவன் வீட்டின் முன்னறையே அவன் பட்டறை. அங்கே ஆணிப்பெட்டிக்கும் துணிச்சுருள்களுக்கும் நடுவே, சன்னலோரத்துக் கூண்டில், நெடுஞ்செவி வேந்தன், கீரைக்கட்டு வென்றான், ஓயாது மூக்கசைக்கும் உத்தமன், பஞ்சு என்னும் வெள்ளை முயல் தனியாட்சி செய்துவந்தது. உள்ளங்கை அளவில் வந்ததை வளர்த்து ஆளாக்கியவள் நாயகனின் இல்லாள். இப்படி நன்றாய்ப் போய்க்கொண்டிருந்த நாளில், அவளுடைய தம்பி மூன்று வாரம் வெளியூர் வேலைக்குப் புறப்பட்டான். புறப்பட்டவன் தன் முயலை, மையினும் கரிய மேனியதும் கரி என்னும் பெயரதுமான ஒரு முரட்டுக் குறுநில மன்னனை, அக்காள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான்.

இரண்டும் ஆண். இரண்டும் காயடிக்கப்படாதவை. இதைக் கேட்ட எந்த அறிவாளியும் இரண்டு கூண்டையும் இரு வேறு அறைகளில் வைத்திருப்பான். நம் நாயகன் அறிவாளி அல்லன், வீரன். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் வைத்தான்.

முன்னறிந்து சொல்லும் மூதறிவாட்டியாகிய இல்லாள் அன்றே எச்சரித்தாள்: “ரெண்டும் ஒண்ணையொண்ணு மோந்தாலே அடிச்சுக்குங்க. மாட்டு டாக்டர்கிட்ட காட்டி காயடிச்சிடலாம். அதுவரைக்கும் கரிய பின்னாடி ரூம்ல வைங்க.”

கேட்டான் வீரன், கொதித்தான். ஓரடி நீளக் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்து, உலகத்து ஆண்குலம் அனைத்தின் சார்பிலும் முழங்கினான்: “ஒரு ஆம்பளைக்கு இன்னொரு ஆம்பளை பண்ற வேலையா அது? நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல அதுங்க மேல கத்தி படாது.”

பட்டால்தான் தெரியும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவ்வறையில் மூன்றாவதாய் ஒரு பேரரசும் வீற்றிருந்தது. அது மூவர் அமரும் வெண்சோபா. பல் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு, நோயாளிகள் அமர்ந்து நடுங்குவதற்கென்று தயாராகிவந்தது. இருமுறை தவணை சொல்லித் தவறியாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தயாராக இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பதாக அம்மையார் சொல்லிவிட்டார். நன்றாய் அமைந்தால் அங்குள்ள பன்னிரண்டு நாற்காலிகளும் இவன் கைக்கே வரும். ஆறு மாதம் கவலையில்லை.

நிற்க. கரி வந்திறங்கிய முதல் நாளே போர்முரசு ஒலிக்கத் தொடங்கியது. இது பின்னங்காலால் தரையை அறைய, அது பதிலுக்கு அறைய, இது கம்பி வழியே மூத்திரம் பீய்ச்சித் தன் எல்லையைச் சாசனம் செய்ய, அது அதன்மேல் திருத்தச் சாசனம் வரைய, பட்டறை நாறியது. எந்தக் குறையையும் துணி போட்டு மூடிவிடலாம் என்பது நாயகனின் தொழில் வேதம். இரு கூண்டுகளுக்கும் இடையே பூப்போட்ட திரை ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டான். முயலுக்குப் பகை தெரிவது கண்ணால் அன்று, மூக்கால் என்பதை அந்தத் திரைக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து உதித்தது மாபெரும் சமாதானத் திட்டம். மிச்சத் துணியில் இரண்டு குட்டி மெத்தைகள் தைத்துக் கூண்டுக்கு ஒன்றாய்ப் போட்டான். இரண்டு நாள் அவை அவற்றில் புரண்டபின், வாசனை பழகினால் பாசம் வரும் என்று மெத்தைகளை மாற்றிப் போட்டான். இல்லாள் எட்டிப் பார்த்தாள்.

“இவன் வீட்ல அவன் கொடிய நட்டுட்டு வந்து நிக்கிறீங்க,” என்றாள்.

வெள்ளி மாலை நான்கு மணி. கடைசிப் பொத்தானையும் இழுத்துத் தைத்த நாயகன், சோபாவின்மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையை உருவி எறிந்து, தன் படைப்பைத் தானே கண்டு நெஞ்சு விம்மினான். அந்தப் பூரிப்பில் பெருந்தன்மை பொங்கியது. “நேருக்கு நேர் பேசித் தீத்துக்கட்டும்,” என்று அருளி, இரு கூண்டுக் கதவுகளையும் ஒருசேரத் திறந்தான்.

பேசவா செய்தன? வெண்மின்னலும் கார்மேகமும் கட்டிப் புரண்டாற்போல், தலைக்கு வால் வாலுக்குத் தலையாய்ச் சுழன்று, கடித்து, உதைத்து, மயிர்க்கற்றைகள் இலவம்பஞ்சாய்ப் பறக்க, ஆணிப்பெட்டியைக் கவிழ்த்து, திரையைக் கிழித்து, வெண்சோபாவின் சிகரம் ஏறிய கரி, அங்கே நின்று, ஒரு முழு அரைவட்டமாய், முதுகுச்சாய்வு முதல் கைப்பிடி வரை, மஞ்சள் நிறத்தில் தன் வெற்றியைப் பொறித்தது. பின்தொடர்ந்து ஏறிய பஞ்சு அதற்குக் கீழே கையொப்பம் இட்டது. இடையில் கைநீட்டிய சமாதானத் தூதரின் கட்டைவிரலை, எந்த முயல் என்று இன்றுவரை தெரியாத ஒரு முயல், எலும்பு தட்டும்வரை கடித்தது. வீரன் அலறிய அலறலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இல்லாள் ஓடிவந்து, கையிலிருந்த சலவைக்கூடையைக் கரியின்மேல் கவிழ்த்தாள். போர் முடிந்தது.

பஞ்சின் இடக்காது நுனியில் கிழிந்து ரத்தம் வடிந்தது. அவள் அதை மடியில் அள்ளித் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்தாள். கண்ணீர் தாரை தாரையாய் இறங்கியது. ஆண்குலக் காவலனுக்குத் தன் விரல்வலி மறந்தே போயிற்று.

சரியாய் ஐந்து மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். சோபாவைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு நாயகனின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“மேல ரெண்டு, கீழ ரெண்டு. நல்ல வரிசையான பல்லு,” என்றார். “கழுவிட்டுப் போய் ஊசி போட்டுக்குங்க. சோபாவ வேற ஆளுகிட்ட சொல்லிக்கிறேன்.”

பன்னிரண்டு நாற்காலிகளும் அவரோடு படியிறங்கிப் போயின. கத்தரிக்கோல் கவிழ்ந்த ஆணிகளுக்கிடையே கிடந்தது. திசையெட்டும் புகழ் பரப்பிய சோபாச் செம்மல், கற்செவிச் செல்வன், ஆண்மை காத்த அண்ணல், அழுதுகொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் மெல்லப் போய் அமர்ந்தான்.

“நீ சொன்ன அந்த மாட்டு டாக்டர் நம்பர் வச்சிருக்கியா?” என்று கேட்டான்.