நீல வயரும் நிலை தவறிய புத்தியும்

"வெட்டும்போது, என்ன வெட்டறோம்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் வக்கீல் கங்கோபாத்யாய்.

"நல்லாத் தெரிஞ்சுது. மைக் செட்டுக்குப் போற நீல வயர்" என்றாள் ஷியாமளா.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சால்ட் லேக் குடியிருப்பில் துர்கா பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கியை ஷியாமளாவின் ஜன்னலுக்கு நேராகக் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் மத்தியானம் சமையலறைக் கத்தரிக்கோலோடு இறங்கிப்போய் வயரை நறுக்கிவிட்டாள். இன்று காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன்: "பந்தல் வயர் விஷயமா நேர்ல வாங்க." அவள் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கேஸ் என்றால் வேலைக்கே ஆபத்து. பதறிப்போன கணவர் துரைசாமி அவளை அலிப்பூர் வக்கீலிடம் இழுத்து வந்திருந்தார்.

வக்கீல் அந்த ஊர் வழக்கப்படி அவளை அண்ணி என்றே அழைத்தார். "பௌதி, புத்தி சரியில்லைன்னு சொன்னாத்தான் தப்பிக்கலாம். ஆனா டாக்டர் சொல்ற பைத்தியம் வேற, சட்டம் கேக்கற பைத்தியம் வேற. புத்தி கலங்கிப்போய், செய்யறது என்னன்னே தெரியாம இருந்திருக்கணும். இல்லேன்னா அது தப்புன்னு தெரியாம இருந்திருக்கணும்."

துரைசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார், இவ எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான்! கேஸ் அடுப்பை அணைச்சுட்டு ரெண்டு மாடி இறங்குவா. அணைச்சோமான்னு திரும்ப ஏறி வந்து பாப்பா."

"எப்பவும்ங்கறது உதவாது. வெட்டின அந்த நிமிஷம் எப்படி?"

"அந்த நிமிஷமா? ரப்பர் கிளவுஸ் போட்டிருந்தா."

"ஐயோ! ஷாக் அடிக்கும்னு தெரிஞ்சிருக்கே!"

"யாராவது பாக்கறாங்களான்னு ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தா."

"தப்புன்னும் தெரிஞ்சிருக்கு!"

"ஏங்க, நீங்க எந்தக் கட்சி?" என்று ஷியாமளா முறைத்தாள்.

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வயரைப் பாம்புன்னு நினைச்சதா எழுதிடலாம்."

"பாம்புன்னா ஓடியிருப்பேனே சார். கத்தரிக்கோலோட யாராவது பாம்புகிட்ட போவாங்களா?"

"பைத்தியம்னா போவாங்க!" என்றார் துரைசாமி.

ஷியாமளா கணக்குப் போட்டுப் பார்த்தாள். புத்தி இருந்தால் குற்றவாளி. குற்றவாளி இல்லையென்றால் புத்தி இல்லை. "இப்படி எழுதிக் கொடுத்தா ஆபீஸ்ல என்னை வச்சுப்பாங்களா?"

"அது சர்வீஸ் விவகாரம். நான் கிரிமினல் மட்டும்தான் பாக்கறேன்."

அடுத்தவர்கள் எழுதித் தரும் பொய்களைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். இப்போது தன் பொய்க்குக் கீழே தானே கையெழுத்துப் போட்டாள்.

ஸ்டேஷனில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே துரைசாமி காகிதத்தை நீட்டினார். சப் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூஜைக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு ஷியாமளாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள உருகித் தீப்பிடிக்க இருந்த வயரை, சரியான நேரத்துல வெட்டிப் பந்தலையே காப்பாத்தின புத்திசாலி நீங்கதான்னு பாராட்டு மேடை போட்டுட்டோமே, பௌதி!"