பாதப் பொருத்தக் குழு

மனித குலம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல் காலுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. ஓட்டப்பந்தய மாணவிகளுக்குச் சரியான ஷூ வாங்க, சிதம்பரத்துத் தனியார் கல்லூரி ஒன்று ஏழு பேர் கொண்ட ‘பாதப் பொருத்தக் குழு’வை அமைத்தது.

குழு அரும்பாடு பட்டது. கடலூர்க் கடைக்கு மூன்று முறை காரில் போய், ஷூக்களை மாட்டி நடந்து, குதித்து, கண்ணாடியில் பார்த்து, ‘கள ஆய்வு’ செய்தது. தட்டைப் பாதம், வளைந்த பாதம் என்று நாற்பது பக்கத்தில் அறிக்கையும் தயாரானது.

பிச்சாவரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பொன்னிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் காலை யாரும் பார்க்கவில்லை. மாணவிகளின் காலருகே குனிவது பதவிக்கு அழகல்ல என்று குழுத் தலைவர் ஸ்ரீதர் கருதியதால், ப்யூன் கொளஞ்சி வாசலில் கிடந்த செருப்புகளையே ஸ்கேல் வைத்து அளந்து முடித்திருந்தார்.

“அண்ணே, அது எங்கப்பா செருப்பு. என்து வாரு அறுந்துபோச்சு, அவசரத்துக்கு மாட்டிக்கினு வந்துட்டேன்.”

“ரெக்கார்டுல ஏறிடுச்சும்மா. இனிமே அதான் உன் காலு.”

ஐந்தாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ வந்தது.

“வெறுங்காலோட ஓடிக்கிறேனே சார்,” என்று பொன்னி கெஞ்சினாள்.

“கமிட்டிய அவமானப்படுத்துறியா?” என்றார் ஸ்ரீதர்.

மாவட்டப் போட்டியன்று ஷூவுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு ஓடினாள். கடைசிச் சுற்று வரை அவள்தான் முதல். வளைவில் இடது ஷூ கழன்றது. விழுந்து எழுவதற்குள் நான்கு பேர் தாண்டிவிட்டார்கள். ஒரு வருஷ உழைப்பு போய்விட்டதே என்று மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

குழு மறுபடி கூடியது. ‘ஷூவில் குறையில்லை, மாணவியின் பாதம் பதிவேட்டுக்கு ஒத்துழைக்கவில்லை’ என ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டு, பொன்னியை அழைத்தது.

“அவ்ளோ பெரிய செருப்ப போட்டுக்கினு வந்தது யார் தப்பும்மா?”

“எந்தப்புதான் சார். எங்கப்பாவையே ஓட அனுப்பியிருக்கணும்.”

ஸ்ரீதர் அதைக் குறித்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கக் கையோடு கொண்டுவந்திருந்த ஷூவைப் பொன்னி குனிந்து தரையில் வைத்தாள். மேசைக்கடியில் பதினான்கு கால்கள் தெரிந்தன. பதினான்கிலும் அதே கம்பெனியின் புத்தம்புது ஷூ. ஒன்றுகூட லூஸாக இல்லை.