மோட்டார் இல்லாமல் பாடிய நாள்

வெளியூர் கிளம்பும்போது பட்டியல் போடுவது என் வழக்கம். இசைக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கும் போட்டேன்: சான்றிதழ், தாவணிக்கு ஊக்கு, குடிக்கத் தண்ணீர், தொண்டைக்கு மிளகு. விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பனியன் கம்பெனியின் மோட்டார். (எழுதியிருந்தாலும் பஸ்ஸில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.)

அது அறுபதுகளின் கடைசி. எனக்குக் கச்சேரி மேடை வேண்டும். அப்பாவுக்கோ மகள் டீச்சராக வேண்டும். பாட்டும், பாட்டு ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த படிப்பு ஒன்று இருப்பதாகப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே வாசல் அதுதான்.

"கெடைச்சாப் படி அம்மிணி. இல்லீன்னா கம்பெனிக்கு ஒதவுற மாதிரி பாலிடெக்னிக்தான். அப்பறம் பாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் அப்பா.

கல்யாண வயதுப் பெண் பாடுவது தெருவுக்குக் கேட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்களோ என்று அவருக்குக் கவலை. ஆகவே, வீட்டை ஒட்டிய கம்பெனிக்குள், மெஷின் ஓடும்போது மட்டும் பாட அனுமதி. மோட்டாரின் உறுமல்தான் எனக்குச் சுருதி. அதற்கு மேலே எழும்பினால்தான் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி அறையில் தம்புரா மெல்ல ஒலித்தது. மோட்டாரோடு பழகிய காதில் அது விழவே இல்லை. மூச்சை இழுத்து ஆரம்பித்தேன். தேர்வு நடத்தியவர்களில் நடுவில் இருந்த அம்மையார் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நாங்க இங்கேதானே உக்காந்திருக்கோம்? கொஞ்சம் மெதுவாப் பாடேன்."

மெதுவாகப் பாடினேன். என் குரலை அன்றுதான் முதன்முதலாகத் தனியாகக் கேட்டேன். வேறு யாரோ பாடுவது போலிருந்தது. பயத்தில் சுருதி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம்.

அடுத்தது, சொல்லிக்கொடுக்கும் தேர்வு. ஒரு சின்னப் பெண்ணை எதிரில் உட்காரவைத்து, சரளி வரிசையில் ஒரு வரி கற்றுத்தரச் சொன்னார்கள். கம்பெனிப் பழக்கத்தில் அவள் காதருகே குனிந்து, கையைக் குவித்து, "ஸ ரி க ம!" என்றேன். குழந்தை அழுதுகொண்டே ஓடிவிட்டது. தம்புராவும் நின்றது.

வராந்தாவில் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார். "ரோடு வரைக்கும் கேட்டுச்சு அம்மிணி! உனக்கில்லாம வேற ஆருக்குக் குடுப்பாங்க?"

திரும்பி வரும் பஸ் பல்லடம் தாண்டிய பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை; அப்பா சொன்னபடி பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். இப்போது மெஷின் பழுதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். கரண்ட் போய்க் கம்பெனி அமைதியானால் என் தம்பி தவறாமல் கத்துவான்: "அக்கா, மோட்டார் நின்னுபோச்சுங்க! தயவுசெஞ்சு பாடிறாதீங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். அப்பா மட்டும் நூல் மூட்டையைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார்.

கரண்ட் வந்து மெஷின் ஓடத் தொடங்கியதும், அந்தச் சத்தத்துக்குள் நின்று பாடுவேன். இன்றுவரை யாரும் கேட்டதில்லை.