கமாண்டோவுக்கு மிளகாய் பஜ்ஜி

ராணுவத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று மனதார நம்பிய காலம் ஒன்று இருந்தது. துப்பாக்கியை நேரில் பார்த்தது பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் செக்யூரிட்டியின் மடியில் மட்டும்தான். ஆனாலும் தெரியும். ஏனென்றால் அதற்குள் அறுபது எழுபது நாவல்களைப் படித்துத் தீர்த்திருந்தேன்.

எல்லாம் தலையணை சைஸ் இங்கிலீஷ் நாவல்கள். சிவாஜிநகர் பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வருவேன். அட்டையில் சட்டை போடாத ஒரு சிப்பாய், அவன் பின்னால் ஒரு ஹெலிகாப்டர். (சட்டை எங்கே போயிற்று என்று ஒரு நாவலிலும் சொல்லவில்லை.) வீட்டுக்கு வந்ததும் பிரவுன் பேப்பர் அட்டை போட்டுவிடுவேன். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து அப்பா பாதாம் வாங்கி ஊறவைத்துக் கொடுத்தார். அந்தப் பாவம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

கதை எப்போதும் ஒன்றுதான். ஹீரோ பெரிய கமாண்டோ. ஏதோ ஒரு மலையில் நண்பனைப் பறிகொடுத்து மனசு உடைந்து வந்திருப்பான். தாடை இறுகியிருக்கும். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வான், அல்லது அதுவும் இல்லை. சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். எங்காவது பாத்திரம் விழுந்தால் ஹீரோயினைத் தரையில் தள்ளி மேலே பாய்ந்து காப்பாற்றுவான். அவள் மெல்லிய குரலில், “இங்கே உனக்கு ஒன்றும் ஆகாது” என்பாள். அவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரும். அப்புறம் கல்யாணம்.

இப்படி நான் முற்றிப்போயிருந்த நேரத்தில்தான் குமார் மாமா, அம்மாவின் தம்பி, ஜீவனஹள்ளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு போட்டோவோடு வந்தார்.

“பேரு தேவராஜ். கோலார் தங்கவயல் பையன், ஆர்மில கீறான். எங்கியோ வடக்க மலை மேல டியூட்டி. இன்னா டியூட்டின்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். சிரிச்சிட்டு பேச்ச மாத்திடுறான்.”

மலை. வாயைத் திறக்கமாட்டான். போட்டோவை வாங்கிப் பார்த்தேன். சட்டை போட்டிருந்தார். பரவாயில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு! அந்த நிமிஷமே நான் காலி. அதற்கு முன்னால் மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லி அனுப்பவே இல்லை. அம்மா வெளியில் காட்டிக்கொள்ளாமல் இளைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு இடம் அமைந்துவிட வேண்டும் என்று அவளைவிட நான் அதிகமாக வேண்டிக்கொண்டேன். அவருக்கு லீவு அந்த வாரத்தோடு முடிகிறது, பார்த்த அன்றைக்கே முடிவு சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றதும் வீட்டை ராணுவக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தேன். குக்கர் விசிலைப் பிடுங்கி என் ஹேண்ட்பேக்கில் ஒளித்துவைத்தேன். கிளி மாதிரிக் கத்தும் காலிங்பெல்லின் ஒயரைக் கழற்றினேன். எதிர்வீட்டு டிவியை ‘ஸ்வல்ப’ கம்மி செய்யச் சொல்லி கன்னடத்தில் கெஞ்சினேன். ஹாலில் சுவரை ஒட்டி, வாசலைப் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலி. (எங்கள் ஹாலில் அப்படி இருந்த ஒரே இடம் ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில். உட்கார்ந்தவர் ரெண்டு தோளையும் குறுக்கிக்கொள்ள வேண்டும்.) பிறகு அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் உத்தரவு போட்டேன். “அவர் வேலையைப் பத்தி எதுவும் கேக்காதீங்க. பழசைக் கிளறாதீங்க. சத்தமா பேசாதீங்க. பின்னாடி போயி நிக்காதீங்க.”

“இன்னாடி இது? பொண்ணு பாக்க வராங்களா, எழவு விசாரிக்க வராங்களா?” என்றாள் அம்மா.

அப்பா பயந்துபோய்த் தலையாட்டினார். பாதாம் சாப்பிட்டுப் படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

வந்தார்கள். அவரும், அவர் அம்மாவும், குமார் மாமாவும். நான் சமையலறைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தாடை அப்படி இறுகியிருந்தது! கண்கள் எங்கேயோ தூரத்தில். அப்பா “வாங்க மாப்ள” என்று கிசுகிசுத்ததற்கு (என் உத்தரவுப்படிதான்) தலையை மட்டும் அசைத்தார். ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஒரு கை மெதுவாகக் கன்னத்துக்குப் போய்த் தடவியது. எத்தனையாவது அத்தியாயம் என்பதுவரை என்னால் சொல்லியிருக்க முடியும்.

பஜ்ஜித் தட்டோடு போனேன். நேராகப் போனால் மிரண்டுவிடுவார் என்று கொஞ்சம் பக்கவாட்டில், அவர் பார்வை படுகிற மாதிரி, அடிமேல் அடி வைத்து நடந்தேன். தட்டை நீட்டிவிட்டு, கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்று தெரியட்டுமே என உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். ரொம்பக் குழம்பிப்போயிருந்தார். அது மலையின் ஞாபகம் என்று நான் முடிவு கட்டினேன்.

“அது ஒண்ணுமில்லம்மா,” என்று அவர் அம்மா ஆரம்பித்தார். “காலைலயே அவனுக்கு…”

நான் பாய்ந்து தடுத்தேன். “வேணாம் ஆன்ட்டி! சொல்ல வேணாம். எங்களுக்குத் தெரியும்.”

“தெரியுமா? யாரு சொன்னது?”

“சொல்லணுமா ஆன்ட்டி? முகத்தைப் பாத்தாலே தெரியுது.”

“அவ்ளோவா வீங்கிக்குது?” என்று அவர் மகனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மனசு வீங்கியிருப்பதை ஒரு தாய் எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. குமார் மாமா என்னையும் அந்த அம்மாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது பஜ்ஜியை எடுத்தார்.

அப்பா ரகசியம் சொல்கிற குரலில் “சாப்டுங்க மாப்ள, சாப்டுங்க” என்றார். பெண் வீட்டில் வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்களே என்று மாப்பிள்ளை ஒரு மிளகாய் பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். மெல்லவில்லை. அப்படியே உறைந்துபோனார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு கன்னத்தில் இறங்கியது.

ஒரு சொட்டு! நான் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பட்டுப்புடவையோடு, பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மெல்லிய குரலில் சொன்னேன்: “இங்க உங்கள யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அந்த நேரம் பார்த்து உள்ளே அம்மாவின் கையிலிருந்து பெரிய தாம்பாளம் நழுவியது. டமாரென்று விழுந்து, உருண்டு, அடங்குவதற்கு அரை நிமிஷம் எடுத்துக்கொண்டது.

இப்போது அவர் பாய்ந்து என்னைத் தரையில் தள்ள வேண்டும். நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் அசையவே இல்லை. பாவம், விறைத்துப்போய்விட்டார், இனி நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. “கீழ படுங்க!” என்று கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இடுக்கில் சொருகியிருந்த மனிதர் ஒரு பக்கமாகச் சரிந்தார். கன்னம் பீரோவின் கைப்பிடியில் போய் மோதியது. வாயிலிருந்து பாதி பஜ்ஜியும், அதோடு ரத்தத்தில் ஊறிய ஒரு பஞ்சு உருண்டையும் என் மடியில் வந்து விழுந்தன.

“ஐயோ ரத்தம்!” என்று அப்பா முதல்முறையாக உரக்கப் பேசினார்.

“அடிப்பாவி! காலைலதான் பிரேசர் டவுன்ல கடவாப்பல்லு புடுங்கிட்டு வரோம்! பேசக் கூடாது, சூடா ஒண்ணும் துன்னக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பிக்கிறாரு. அதத்தானே சொல்ல வந்தேன், தெரியும் தெரியும்னியே!” என்று அவர் அம்மா தலையில் கைவைத்தார்.

அம்மா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. நாலாவது இடமும் போயிற்று, அதுவும் என் கையாலேயே போயிற்று. நான் மடியில் கிடந்த பஞ்சைப் பார்த்து அழ ஆரம்பித்தேன். விசும்பல் எல்லாம் இல்லை, ஓவென்று.

அவர் எழுந்தார். பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கன்னத்தைப் பிடித்தபடி என் எதிரில் நின்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் இது:

“நீங்க எப்பனா கழுத பழக்கிக்கிறீங்களா?”

இவ்வளவு பண்ணியதற்கு இந்தத் திட்டு கம்மிதான் என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

“நான் மலைல கோவேறு கழுதைங்களப் பாத்துக்குறவன். மேல போஸ்ட்டுக்கு அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் அதுங்க முதுகுலதான் போவும். வெளிய சொன்னா கழுத மேய்க்கிறவன்னு சிரிப்பாங்கன்னு சொல்றதில்ல. புதுசா வந்த கழுத மிரளும். அதுக்குப் பின்னாடி போகக் கூடாது. பக்கமா போயி உள்ளங்கைய காட்டணும். சத்தம் போடக் கூடாது. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு மெதுவா சொல்லணும். நீங்க வந்ததுலேர்ந்து ஒண்ணு வுடாம அப்டியே பண்றீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல.”

குமார் மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அவர் அம்மா. நான் உள்ளே போய் பிரவுன் பேப்பர் போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, அப்பாவின் எதிரிலேயே அட்டையைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சட்டையில்லாதவனை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மலைல இப்டி நின்னா அஞ்சு நிமிஷத்துல வெறச்சிப் பூடுவான்.” அன்று மாலையே சம்மதம் சொல்லி போன் வந்தது. புருவத் தழும்பு என்ன என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன். கழுதை உதைத்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இது தீராத கேலி. நான் கோபத்தில் கத்தினால் இவர் பக்கவாட்டில் மெதுவாக வந்து உள்ளங்கையை நீட்டுவார். அதில் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். கழுதைக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். எத்தனை கோபத்திலும் நான் சிரித்துத் தொலைப்பேன்.

ஒரு தடவை லீவில் வந்தவர் ரெண்டு நாள் பேசவே இல்லை. பல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், ராணி என்று அவர் ஐந்து வருஷம் வளர்த்த கழுதை பனியில் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். கயிறு என் கையில்தான் இருந்தது, விட்டுவிட்டேன் என்றார். தாடை இறுகவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. நான் படித்த எழுபது நாவலில் ஒன்றில்கூட இதற்கு வசனம் இல்லை. சமையலறைக்குப் போய் நின்றேன். பிறகு பக்கவாட்டில் மெதுவாக வந்து, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே என் தோளில் முகம் புதைத்து அழுதார். அழுது முடித்துவிட்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

மாசம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் வெல்லம் எப்படித் தீர்ந்துபோகிறது என்று அம்மா இன்றும் வரும்போதெல்லாம் கேட்கிறாள். வீட்டில் ரெண்டு கழுதை இருக்கிறது என்று இவர்தான் பதில் சொல்வார்.