நூற்று நாற்பத்து மூன்று வீடும் ஒரு சிலேட்டும்

இந்த அறுவடைக்கு மாமனார் ஊர்ப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று ஆன்டோ முடிவு கட்டிவிட்டான்.

காரணம் நெல். குத்தாலத்தில் அவன் மாமனார் சவரியப்பனுக்கு நாலு ஏக்கர். ஆண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் மஸ்கட்டில் ஏசி மாட்டுகிறான். இளையவன் சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறான். உள்நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே இளவட்டம் மாப்பிள்ளைதான். போன தை மாதம் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்து, முறை வரும்வரை காவலுக்கு ஆன்டோவைத்தான் உட்கார வைத்தார்கள். ஒன்பது நாள். பகலில் ஆடு, பொழுது சாய்ந்தால் கொசு, விடியும்போது பனி. நடுவில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே ஒரு படுதா. அது நெல்லுக்குப் போனது.

"மாப்ள, ஒங்களுக்குத் துவட்டிக்கிட்டா சரியாப் போயிடும். நெல்லத் துவட்ட முடியுமா?" என்றார் மாமனார்.

இந்தத் தையிலும் போன் வந்துவிட்டது. புதன்கிழமை காவல் ஆரம்பம்.

ஆன்டோ திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறவன். நாலு தெரு, நூற்று நாற்பத்து மூன்று இணைப்பு. மாடியில் குடை ஆன்டெனா, முன்னறையில் கன்ட்ரோல் ரூம். அலமாரி நிறைய பெட்டிகள், சேனலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு குமிழ். அந்தக் குமிழைக் கொஞ்சம் திருகினால் போதும், அத்தனை வீட்டு டிவியிலும் அந்தச் சேனல் காணாமல் போய்ப் புள்ளி புள்ளியாகப் பறக்கும். மறுபடி வீடு வீடாகப் போய் ட்யூன் செய்ய வேண்டும். போன வருஷம் கம்பெனிக்காரன் ஒரே ஒரு சேனலை மாற்றச் சொன்னதற்கே பன்னிரண்டு நாள் ஆனது. வீட்டுக்குப் பத்து நிமிஷம் வேலை, அரைமணி நேரம் காபி.

பன்னிரண்டு நாள். நினைக்க நினைக்க ஆன்டோவுக்கு இனித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி லின்சி பூசைக்குப் போயிருந்தாள். குழந்தை ஜெனித் தூங்கிக்கொண்டிருந்தான். ஆன்டோ நாலு குமிழைத் திருகினான். சீரியல், பாட்டு, செய்தி, கிரிக்கெட். ஒவ்வொரு குமிழின் ஓரத்திலும் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. ஜெனித் எதையாவது ஈஷியிருப்பான் என்று விட்டுவிட்டான்.

லின்சி வந்து டிவியைப் போட்டாள்.

"ஏங்க, சீரியல் சேனல்ல ஒரே பூச்சியா பறக்குது."

"கம்பெனிக்காரன் மாத்திட்டான் லின்சி. நாலு சேனல்."

"நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?"

"அவன் யாருகிட்ட சொல்றான். எல்லாம் வானத்துல நடக்குது."

லின்சி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அப்புறம் பெட்டிகளைப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். அதிகம் பேச மாட்டாள். அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆன்டோவின் நம்பிக்கை.

"அப்ப குத்தாலம்?"

"எப்படி லின்சி வர? நூத்தி நாப்பத்திமூணு வீடு. நாலு சேனல். இருபது நாள் ஆனாலும் ஆகும். மாமாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. எனக்குத்தான் மனசு கேக்கல." கேட்காத மனசுக்காக ஒரு பெருமூச்சும் விட்டான்.

"பாவம் நீங்க. மத்த சேனலெல்லாம் அதே எடத்துலதானே இருக்கு?"

"ஆமா."

"சாயங்காலம் நாம படம் போடுவோமே, அந்த லோக்கல் சேனலு?"

"அது நம்ம சொந்த சேனல். அத எந்தக் கம்பெனிக்காரன் தொடுவான்?" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. ஜவுளிக்கடை விளம்பரம் ஓடுகிற சேனல் என்பதால் அதை மட்டும் அவன் தொடவில்லை.

குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்காவிடமிருந்து ஆரம்பித்தான். டீ வந்தது. சமோசா வந்தது. சீரியல் போன கவலையில் அக்கா ரிமோட்டில் நம்பரை மாற்றி மாற்றி அமுக்கி, கடைசியில் லோக்கல் சேனலில் வந்து நிறுத்தியிருந்தாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான்.

டிவியில் திடீரென்று ஒரு சிலேட்டு தெரிந்தது. சிலேட்டைப் பிடித்தபடி வளையல் போட்ட கை. ஆன்டோ கல்யாண வீடுகளுக்கு எடுத்துப்போகிற கேமராவின் முன்னால்தான் அந்தக் கை இருந்தது. முகம் வரவில்லை. முகம் காட்ட லின்சிக்கு வெட்கம்.

"மாறியது நாலு சேனல்தான். மற்றதைத் தொட வேண்டாம்" என்றது சிலேட்டு.

அடுத்தது, "கறுப்பு ரிமோட் வைத்திருப்பவர்கள்" என்று தலைப்பிட்டு எதை அமுக்க வேண்டும் என்று நாலு வரி. பிறகு சாம்பல் ரிமோட். பிறகு, "ரிமோட் இல்லாத டிவி: கீழே சின்னக் கதவைத் திறக்கவும்." நடுவில் ஒரு குட்டிக் கை உள்ளே நுழைந்து இரண்டு வரியை அழித்துவிட்டுப் போனது. சிலேட்டு பொறுமையாக மறுபடி எழுதப்பட்டு வந்தது.

கடைசிச் சிலேட்டு: "முடித்தவர்கள் வாசல் விளக்கைப் போடவும். விளக்கு எரியாத வீட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்காரர் வருவார்."

"லின்சி கையில்ல இது?" என்றாள் நூர்ஜஹான். "அந்த ரிமோட்ட இப்படிக் குடுங்க தம்பி."

"நான் பண்றேங்க்கா. இது கொஞ்சம் நுணுக்கமான வேல."

"நாலு வரிதானே எழுதியிருக்கா."

ஆறு நிமிஷத்தில் நாலு சேனலும் வந்துவிட்டன. "டீ குடிச்சாச்சுன்னா கெளம்புங்க தம்பி. சீரியல் ஆரம்பிக்கப் போவுது."

ஆன்டோ வெளியே வந்தான். பட்டப்பகல். வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் விளக்கு எரிந்தது. தேர்த்திருவிழா மாதிரி இருந்தது தெரு. சப்பரம் மாதிரி நடுவில் தனியாக இவன்.

லின்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வீட்லதாங்க எரியல. ரெண்டு வீடு பூட்டிக் கெடக்கு. ஒரு வீட்ல பல்பு ஃபியூஸ். மூணு வீட்டுக்குப் போயிட்டு வந்துடுங்க, சாப்பாடு போடுறேன். ரெண்டு மணிக்குக் கும்பகோணம் பஸ்ஸு. அங்கேருந்து மாறிக்கலாம்."

சாப்பிட்டு எழும்போது அவன் பை தயாராக வாசலில் இருந்தது. ஒரே ஒரு பை.

"நீ வரலையா?"

"நானும் வந்துட்டா பெட்டிய யாரு பாத்துக்கறது? கம்பெனிக்காரன் மறுபடி மாத்திட்டான்னா?"

ஆன்டோ கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தான். "அதத்தான் நானும் யோசிக்கிறேன். அவன் நாளைக்கே மாத்தினாலும் மாத்துவான். நான் இங்க இருக்கறதுதான்..."

லின்சி அவன் கையைப் பிடித்து அலமாரிக்குக் கூட்டிப்போனாள். குமிழின் முள் விலகிப்போயிருந்த சிவப்புப் பொட்டுகளைத் தொட்டுக் காட்டினாள்.

"ஜெனித் தவழ்ந்து வந்து இதத் திருகிப்புட்டா என்ன பண்றதுன்னு, முள்ளு எங்க நிக்கணுமோ அங்க நகப்பாலிஷால ஒரு பொட்டு வச்சேன். கம்பெனிக்காரன் வானத்துலேருந்து எறங்கி நம்ம வீட்டுக்குள்ளாற வந்துட்டுப் போனது எனக்குக் காலையிலயே தெரியும்."

ஆன்டோ பொட்டையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப நீயே பொட்டப் பாத்துத் திருப்பி வச்சிருக்கலாமே. ஒரு நிமிஷ வேல. எதுக்கு ஊரையே கூட்டி சிலேட்டு, வெளக்கு?"

"வச்சிருக்கலாம்தான். அடுத்த தையிலயும் நீங்க திருகுவீங்க. இப்ப நூத்தி நாப்பத்திமூணு வீட்டுக்கும் தானே பண்ணிக்கத் தெரிஞ்சு போச்சு." பையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். "கவலப்படாமப் போங்க. இந்தத் தடவ அப்பா படுதா ரெண்டு வாங்கியிருக்காங்களாம்."

ஆன்டோவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வெளச்சல் ஜாஸ்தி. ரெண்டும் நெல்லுக்கே சரியா இருக்குமாம்."