டாக்டர் குஞ்சிதபாதம் கை சுட்டுக்கொண்ட விவரம்

நெரவி,
ஆவணி மாதம், 1986.

சிரஞ்சீவி மாப்பிள்ளை தியாகராசனுக்கு உன் அக்காள் புருஷன் மருதையன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே என் அடிவயிறு நீங்கலாக நானும் உன் அக்காள் கனகாம்பாளும் சௌக்கியம். லண்டனில் நீயும் உன் சம்சாரமும் குளிருக்கு அடக்கமாகச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, பயமாக இருக்கிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம் எந்த அதிகாரிக்கும் பயப்படாத எனக்குக் கத்தி என்றால் மட்டும் கை கால் ஓடாது. அதற்கு நீ தைரியமாக நாலு வரி எழுதியிருக்கலாம். நீயோ அங்கே டிவியில் காட்டுகிற ஆஸ்பத்திரி நாடகத்தை வீடியோ கேசட்டில் பிடித்து, "அத்தான், டாக்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் பயம் தெளிந்துவிடும்" என்று சீட்டு வைத்து அனுப்பினாய். அந்த நாடகத்தை நீ பார்க்காமலேயே பிடித்திருக்கிறாய் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

பட்டினத்து மீரா சாகிப்பை உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பலில் சமையல்காரராக இருந்தவர், இங்கிலீஷ் காதில் விழுந்தால் உடனே தமிழில் சொல்லிவிடுவார். சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்த வீடியோ டெக்கை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிள் கேரியரில் போர்வை சுற்றி எடுத்துவந்தார். பாதித் தெரு எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. முதலில் நன்றாகத்தான் போயிற்று. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் பளபளவென்ற தரையில் நடந்துகொண்டே இருந்தார்கள். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க" என்றாள் உன் அக்காள். அப்புறம் என் வயசில், என் உடம்புவாகில், என்னைப் போலவே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷர் வந்தார். அடுத்த வீட்டுக் காசியம்மா, "அண்ணே, அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கு" என்றாள். நான் சந்தோஷப்படுவதற்குள் அந்த மனுஷர் செத்துப்போனார். அறுத்த பெரிய டாக்டருக்குத் தூக்கமில்லை, வீட்டில் சண்டை, புத்தியும் வேறெங்கேயோ இருந்திருக்கிறது, அறுக்கக்கூடாததை அறுத்துவிட்டார். அதோடு விட்டார்களா? செத்தவரின் பெண்டாட்டியிடம் யார் என்ன சொல்வது என்று டாக்டர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். மீரா சாகிப் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். "அண்ணே, இவருதான் அந்த நரம்ப அறுத்தாரு. இப்ப நான் இல்லங்கிறாரு. பக்கத்துல உள்ளவரு, நான் பாக்கவே இல்லங்கிறாரு." காசியம்மா மூக்கைச் சிந்தினாள். விசாரணை என்று ஒன்று ஆரம்பித்தது, கேசட் முடிந்துவிட்டது. மிச்சம் பின்னால் வரும் என்று சீட்டின் மறுபக்கத்தில் நீ எழுதியிருந்தாய்.

இரண்டு நாள் கழித்துக் காரைக்காலில் டாக்டர் குஞ்சிதபாதத்தின் நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஒருவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் தெருவே போய்ப் பார்க்க வேண்டும், போகாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் நாம் போக மாட்டோம். எல்லாரும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். ஆனால் இந்தத் தடவை என்னை யாரும் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தார்கள். அவர் உள்ளே வந்ததும் காசியம்மா, "தம்பி, ராத்திரி நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டாள். "தூங்குனேம்மா" என்றார். "வீட்டுல எதும் மனஸ்தாபம் இல்லையே?" என்றாள். மீரா சாகிப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டாக்டர், தப்பா நெனக்கக்கூடாது. உள்ள எதாவது ஒண்ணு ஆச்சுன்னா வெளிய வந்து சொல்லுவீங்களா, மறைப்பீங்களா?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்போதுதான் உன் அக்காள் முந்தானையை அவிழ்த்துச் சூடத்தை எடுத்தாள். "டாக்டர், நீங்க நல்லவருதான். ஆனாலும் என் மனசு கேக்கல. கவனமா அறுப்பேன், நடந்தத மறைக்க மாட்டேன்னு சூடத்துல அடிச்சு ஒரு சத்தியம் பண்ணிடுங்க, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். நர்ஸ் ஞானசௌந்தரி ஓடிவந்து, "சிலிண்டர் இருக்குற எடங்க, இங்க நெருப்பு வைக்கக்கூடாது" என்றாள். உடனே உன் அக்காள் எல்லாரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தங்கமான மனுஷர், பெண்பிள்ளைகள் கேட்டால் தட்டத் தெரியாதவர். "உங்க திருப்திக்குச் செய்றேன்" என்று அவரும் போனார். சத்தியம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று உன் அக்காள் ஒரு கட்டிக்குப் பதில் மூன்று கட்டி வைத்துக் கொளுத்தினாள். நாமெல்லாம் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். பட்டென்று அடித்து, பட்டென்று கையை எடுத்துவிடுவோம். டாக்டர் சென்னையில் பிறந்து ஹாஸ்டலில் வளர்ந்தவர். ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி உள்ளங்கையை நிதானமாக நெருப்பின் மேல் வைத்து, உன் அக்காள் சொல்லச்சொல்ல முழுச் சத்தியத்தையும் சொல்லி முடித்தார். பிறகுதான் "ஐயோ" என்றார். அது அவருடைய வலது கை, மாப்பிள்ளை. என்னை அறுக்க வேண்டிய கை.

"பச்சத் தண்ணி எடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காசியம்மா, சுட்ட இடத்துக்கு மைதான் மருந்து என்று, நர்ஸ் மேசையிலிருந்த இங்க் புட்டியை எடுத்து அந்தக் கையில் கவிழ்த்துவிட்டாள். "அம்மா, நான் டாக்டர்ங்க" என்றார் அவர். "இருக்கட்டும் தம்பி, டாக்டருக்கும் தோலுதானே" என்று மிச்ச மையையும் தடவிவிட்டாள். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. எனக்கு வந்த சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் மாடியிலிருந்த டாக்டர் வீட்டுக்குப் போயின. தெருவே திரும்பி வந்து அவரைப் பார்த்தது. நானும் மரியாதைக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். டாக்டருடைய சம்சாரம் சௌந்தரவல்லி அம்மாள் எங்களை உட்காரவைத்து, "யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். மீரா சாகிப், காற்றடித்தது என்றார். காசியம்மா, இப்போது வருகிற சூடமே கலப்படம் என்றாள். உன் அக்காள் அன்றைக்கென்று பார்த்து விரதம், பேச மாட்டாள். நான் கண்ணை மூடி சாமி கும்பிட்டுக்கொண்டிருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். டாக்டர்தான் நீலக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரு மேலயும் தப்பு இல்ல வல்லி, கைய எடுக்காம வச்சிருந்தது நாந்தான்" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எல்லாரோடும் இறங்கிவந்தேன்.

இப்போது கை ஆறிவிட்டது, வரச்சொல்லி ஆள் விட்டிருக்கிறார். குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் போவதாக இல்லை. நீயே யோசித்துப் பார். ஒரு மனுஷருடைய கையைச் சுட்டு, மையைக் கொட்டி, பொய்யும் சொல்லிவிட்டு, அவர் முன்னால் மயக்க ஊசி போட்டுக்கொண்டு வயிற்றைத் திறந்து படுத்தால், அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடும்? ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன், இந்த ஜன்மத்தில் எனக்கு ஆபரேஷன் கிடையாது. லண்டனில் இடுப்பில் கட்டுகிற நல்ல பெல்ட்டு கிடைக்குமாம், ஒன்று வாங்கி அனுப்பு. நாடகக் கேசட் இனிமேல் ஒன்றும் அனுப்பாதே. நடந்த அத்தனைக்கும் முழுப் பொறுப்பு நீதான் என்று இங்கே எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் அம்மையார் கோயில் விபூதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். நோய் நொடி இல்லாமல், டாக்டர் முகத்திலேயே விழிக்காமல், நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
மருதையன்.

பின்குறிப்பு: இதை எழுதி மடித்து வைத்துவிட்டு, மீரா சாகிப்பின் டெக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தூக்கினேன். குடல் மாட்டிக்கொண்டது. வலியில் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். வாடகைக் காரில் போட்டு அதே நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். மேசையில் படுக்கவைத்ததும், "ஐயா, அந்தக் கை விஷயம்" என்று ஆரம்பித்தேன். "அதே கையாலதான் பண்ணப்போறேன். பயமா இருக்கா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "எனக்கும்தான்" என்றார். உன் கேசட்டில் வந்த ஒரு டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. எனக்கு அழுகை வந்தது, தைரியமும் வந்தது. உயிரோடு எழுந்து இதை எழுதுகிறேன்.

டாக்டர் கேசட்டை வாங்கித் தன் வீட்டில் போட்டுப் பார்த்தார். இன்று காலை என் கட்டிலோரம் தன் சம்சாரத்தோடு வந்து நின்று, "அந்தப் பெரிய டாக்டர் கடைசில ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். தெரியாது, மிச்சம் வரவில்லை என்றேன். கஞ்சி கொண்டுவந்த உன் அக்காள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவரு ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்னங்க. மூணு கட்டிச் சூடத்த வச்சு அடிக்கச் சொன்னது நாந்தான்" என்றாள். சௌந்தரவல்லி அம்மாள், "தெரியுங்க. நர்ஸ் அன்னிக்கே சொல்லிட்டா. நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஆகவே மேலே எழுதியதில் ஆசீர்வாதம் நீங்கலாக மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பெல்ட்டு வேண்டாம். மிச்சக் கேசட்டை உடனே அனுப்பு, இந்தத் தடவை பார்த்துவிட்டு அனுப்பு.