எழுபதில் ஒரு தயக்கம்

பொத்துவில் மண்ணில் தன் காரின் சில்லுப் படாது என்று பளீல் ஒரு திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் அறிவித்தார். கையில் இடியப்பம் இருந்தபடியால் கையை ஓங்க முடியவில்லை. குரலை மட்டும் ஓங்கினார்.

காரணம் பெரிது. அவருடைய மனைவி லைலாவின் தங்கை ஸம்ஸியாவும் அவள் புருஷன் ஷிப்லியும் பொத்துவிலில் மகளுக்கென்று வீடு கட்டி முடித்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை குடிபுகுதல். ஜும்ஆத் தொழுகை முடியச் சாப்பாடு. இந்தச் செய்தியை ஷிப்லி வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். வாசலில் வந்து நின்று, வாயால் சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால்தான் அது அழைப்பு. போனில் வருவது வெறும் தகவல். அவர்கள் ஊரான சாய்ந்தமருதில் இது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

"என்ட வாசலுக்கு வந்து சொல்லாதவன்ட வீட்டுக்கு நான் போகமாட்டன்."

"அவர் வீட்டு வேலையோட அலையிறார். அறுவது பேருக்குச் சொல்லணும்."

"அறுவது பேரில ஒருத்தனா நான்?"

"நீங்க வராம நான் மட்டும் பஸ்ஸில போய் இறங்கினா சனம் என்ன கதைக்கும்? ரெண்டு குடும்பமும் பகை எண்டுதான் கதைக்கும். என்ட தங்கச்சி அழுவாள்."

பளீல் இடியப்பத்தைச் சொதியில் நனைத்தார்.

"வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னீங்களா?" என்று லைலா கேட்டாள்.

"அது... சொல்லல்ல."

"அப்ப சரி" என்று இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.

இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் அந்த "அப்ப சரி"க்குப் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

கார்தான் கவலை. மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய பழைய ஜப்பான் கார். சாம்பல் நிறம். ஒரு டொக்டர் ஓடியதாம். விற்கிற எல்லாப் பழைய காரையும் ஒரு டொக்டர்தான் ஓடியிருக்கிறார். மற்றதெல்லாம் நல்லம், வேகம் எழுபதைத் தொட்டால் மட்டும் ஒரு சின்னத் தயக்கம். கதைத்துக்கொண்டிருப்பவர் ஒரு பெயரை மறந்து, உடனே நினைவு வந்து தொடர்வதுபோல. அவ்வளவுதான். ஆனால் பளீலின் நித்திரை போய்விட்டது.

இந்த நோயைக் கல்முனையில் வைத்துப் பார்க்க முடியாது. மாடு, முச்சக்கரவண்டி, மீன் சைக்கிள், ரியூசன் விட்ட பிள்ளைகள். அங்கே நாற்பதைத் தொடுகிறவனே வீரன். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கிறது. திருக்கோவில் தாண்டினால்தான் ரோட்டுக்கு மூச்சு வரும். ஆகவே லுங்கி, சாரன் விற்கும் தன் கடையைப் பூட்டும் வெள்ளிக்கிழமைகளில் பளீல் கோமாரிப் பாலம் வரை ஓடிப் பார்த்துத் திரும்புவார். பக்கத்தில் லைலா ஒரு கொப்பியை மடியில் வைத்து, எத்தனையில் எத்தனை தரம் தயங்கியது என்று எழுதுவாள்.

பாண்டிருப்பு கராஜ் அழகரெத்தினம் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்போதே சொன்னார்: "பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற கொயில் ஒண்டு களைச்சுப் போச்சுப் போல, முதலாளி. ஒரு நாளைக்கு விட்டுட்டுப் போங்க."

பளீல் விடவில்லை. அவர் யூடியூப்பில் பத்தொன்பது வீடியோ பார்த்தவர். "மெக்கானிக்குக்குக் காது மட்டும்தான். ஓட்டுறவனுக்குக் கால் இரிக்கி. குறையைப் பிடிக்கிறது கால்தான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சாரன் வாங்க வந்தவர்கள் என்ன செய்வார்கள், ஓம் என்றார்கள்.

வியாழன் பின்னேரம் எஞ்சினின் நாலு பிளக்கையும் தானே மாற்றினார். உள்ளே வந்து கை கழுவும்போதே முகம் கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"நாளைக்குக் காலம்புற ஓடிப் பாப்பம். கோமாரிப் பாலத்தில திருப்புவன். ஜும்ஆவுக்கு நான் நம்மட பள்ளியில."

"உங்கட விருப்பம். ஒண்டு கேக்கட்டா? வெறும் வண்டிலை இழுத்தா மாட்டுக்குக் களைப்புத் தெரியுமா? பாரம் ஏத்தினாத்தானே தெரியும்?"

பளீல் திடுக்கிட்டார். பதினோராவது வீடியோ இதைத்தான் சொன்னது.

"லைலா! என்னோட இருந்து உனக்கும் விஷயம் விளங்குது!"

காலையில் டிக்கியில் பாரம் தயாராக இருந்தது. ஒரு மூடை சம்பா அரிசி, இருபது தேங்காய், பத்துக் கிலோ சீனி, ஒரு புதுப் பாய்.

"பாய் என்னத்துக்கு?"

"தேங்காய் உருளாம இரிக்கத்தான்."

லைலா வழமைபோல் கறுப்பு அபாயாவில் வந்து ஏறினாள். அபாயாவுக்குள் என்ன உடுப்பு என்பது எஞ்சினைப் பற்றி யோசிக்கிற ஆம்புளையின் வேலை அல்ல.

திருக்கோவில் தாண்டியது. ரோடு விரிந்தது. அறுபது, அறுபத்தைந்து, எழுபது. கார் வாய்க்கால் தண்ணீர்போலப் போனது. பளீலின் நெஞ்சு உயர்ந்தது.

"பாத்தியா? பிளக்!"

"இப்ப ஒண்டு வந்திச்சே."

"என்ன வந்திச்சு?"

"தயக்கம். சீட்டில இரிக்கிற எனக்கே விளங்கிச்சு. உங்கட காலுக்கு விளங்கல்லயா?"

பளீல் காலை விசாரித்தார். கால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கடையில் சொன்ன பேச்சு ஒன்று இருக்கிறதே.

"விளங்கிச்சு. நீ சொல்றியா எண்டு பாத்தன்."

லைலா கொப்பியில் ஒரு கோடு போட்டாள். கோமாரிப் பாலம் வந்தது.

"திருப்பட்டா?"

"திருப்புங்க. எண்டாலும், எஞ்சின் நல்லாச் சூடானாத்தான் குறை முழுசாக் காட்டும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? இப்பதானே சூடாகுது."

அப்படிச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. ஆனால் கேட்கும்போது தான் சொன்ன மாதிரித்தான் இருந்தது. பாலம் பின்னால் போனது.

"ரெண்டு."

"ஓம், ரெண்டு."

"மூணு."

"நான் சொல்ல வாயெடுத்தன்."

"நாலு."

"நாலாவது கொஞ்சம் பெரிசு" என்றார் பளீல்.

பொத்துவில் பெயர்ப்பலகை தெரிந்தது. பளீல் பிரேக்கை மிதித்தார். பலகைக்கு ஒரு கார் நீளம் இப்பால் வண்டி நின்றது. சில்லு இன்னும் சுத்தம்.

"சரி, நிண்டதுதான் நிண்டம். கொஞ்சம் ஆறட்டும்" என்று லைலா போனை எடுத்து எதையோ தட்டினாள்.

ஐந்து நிமிஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஷிப்லி. பளீல் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு நேரே கடலைப் பார்த்தார். அந்த இடத்தில் கடல் தெரியாது.

ஷிப்லி கதவடிக்கு வந்து குனிந்து, அண்ணன் முறை வைத்து அழைத்தான். "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. வேலைக் கரைச்சலில நேர வந்து சொல்லக் கிடைக்கல்ல. என்ட பிழைதான். இண்டைக்கு மகள்ட வீடு குடிபுகுறம். நீங்க வரணும்."

பளீல் ஸலாத்துக்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு ஸ்டியறிங்கிடம் சொன்னார்: "வாசலுக்கு வந்து சொல்லணும்."

"இதுதானே வாசல்" என்றாள் லைலா.

"எது?"

"சாய்ந்தமருது வீடு என்ட உம்மா எனக்குச் சீதனமா எழுதினது. அது என்ட வாசல். உங்கட பேரில இரிக்கிறது இந்தக் கார் ஒண்டுதான். உங்கட வாசலுக்கு வந்துதானே ஷிப்லி சொல்றார்?"

இருபத்து நாலு வருஷத்தில் அவள் அந்த வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இப்போதும் நோகக் கதைக்கவில்லை; கோப்பையைத் தட்டில் வைப்பதுபோல மெதுவாக வைத்தாள். பளீல் ஓட்டை தேடினார். மனைவி வீட்டில் வாழும் எங்கள் கரையோரத்துப் புருஷன் எவனும் அதில் ஓட்டை கண்டதில்லை.

"தேத்தண்ணி குடிக்கல்லயே" என்றார். கடைசி ஆயுதம்.

லைலா பைக்குள்ளிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். ஊற்றினாள். ஷிப்லி நின்றபடியே குடித்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

புது வீட்டில் டிக்கியைத் திறந்தார்கள். அரிசி இறங்கியது. சீனி இறங்கியது. பாய் நேரே நடு அறைக்குப் போனது. அபாயாவைக் கழற்றிய லைலா மயில் பச்சைச் சேலையில் நின்றாள். ஸம்ஸியா ஓடிவந்து கட்டிப்பிடித்து, சிரித்துக்கொண்டே அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த பளீலுக்குத் தன் கோபத்தை எங்கே வைத்தார் என்பது மறந்துவிட்டது. தேடவும் தோன்றவில்லை.

ஜும்ஆ முடிந்து ஸஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். பளீலுக்கு உலகம் நல்ல இடமாகத் தெரிந்தது.

"காருக்கு என்ன காக்கா?" என்று ஷிப்லி கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. பளீல் நிமிர்ந்தார்.

"எழுபதில ஒரு தயக்கம். இண்டைக்கு மட்டும் நாலு தரம். நாலாவது கொஞ்சம் பெரிசு. வேற ஒருத்தனுக்கும் பிடிபடாது. என்ட கால் பிடிச்சிடும்."

பக்கத்து மேசையில் கோழிக்கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். அழகரெத்தினம். ஷிப்லியின் உழவு மெஷினுக்கும் அவர்தான் வைத்தியர்.

"அதென்ன முதலாளி? செவ்வாய்க்கிழமை நீங்க கடையில நிக்கக்குள்ள, வீட்டில நிண்ட காரைப் பார்க்க லைலா அக்கா என்னைக் கூப்பிட்டவ. கொயிலை மாத்தி, கோமாரி வரை நானே ஓடியும் பாத்தனே. ஒரு தயக்கமும் இல்ல."

ஸஹனைச் சுற்றி ஒரு கையும் அசையவில்லை. உள் அறையில் ஒரு மயில் பச்சைச் சேலை சட்டென்று மறைந்தது.

ஷிப்லி இருந்ததிலேயே பெரிய இறைச்சித் துண்டைப் பளீலின் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடுங்க காக்கா. நாலு தரம் பிடிச்ச கால், களைச்சிருக்கும்."